ஆற்றாத காப்பி

"எங்கப்பா ரொம்ப வார்ம். அம்மாதான் கொஞ்சம் கோல்டு. நீ தப்பா எடுத்துக்காதே," என்றான் ஸ்ரீநிவாசன், தன் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே.

காலேஜில் இங்கிலீஷ் சொல்லித் தருகிறவள் நான். சித்திரை வெயிலில் வலங்கைமான் ரோட்டுத் தார் உருகிக் கிடக்கிறது. இந்த ஊரில் குளிர்ச்சி என்றால் யாருக்காவது கசக்குமா? ஆனால் ஆசை, கோபம், வருத்தம் எல்லாவற்றையும் நாங்கள் இரண்டு பேரும் இங்கிலீஷில்தான் பேசிப் பழகியிருந்தோம். அதனால் சரி என்று தலையாட்டினேன்.

என் பயம் அந்த வார்த்தைகளில் இல்லை. காப்பியில் இருந்தது.

என் அப்பா மருதையன் இந்த வீட்டு வயலில் பண்ணையாளாக இருந்தவர். தீபாவளிக்கு மட்டும் கொல்லைப்புறத்தில் காப்பி கிடைக்குமாம். ஏந்தின கையில் மேலேயிருந்து ஊற்றுவார்கள். கை வெந்துவிடக் கூடாதே என்று நன்றாக ஆற்றிவிட்டுத்தான் ஊற்றுவார்கள். அவ்வளவு கரிசனம்.

அப்புறம் கழக ஆட்சி வந்தது, நில உச்சவரம்பு வந்தது. கொடி, ஊர்வலம், போலீஸ், கேஸ் என்று அலைந்து, கடைசியில் இந்த வீட்டு நிலத்திலேயே ஒரு ஏக்கருக்கு அப்பா பெயரில் பட்டா ஆனது.

இன்று காலை நான் வீட்டிலிருந்து கிளம்பும்போது அப்பா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "சூடா குடுப்பாங்களா, தங்கமணி?"

அதுவரை எனக்கு அவ்வளவு ரோஷம் இல்லை. இந்த வீட்டில் எல்லாரும் டம்ளரில் உதடு படாமல் அண்ணாந்துதான் குடிப்பார்கள் என்று கேள்விப்பட்டு, வேலைக்குப் போகிற பெண்கள் ஹாஸ்டலில் நானும் தண்ணீரை வைத்துப் பழகிப் பார்த்திருந்தேன். அறைத்தோழி ரசியா பேகம் விழுந்து விழுந்து சிரித்தாள். புடவை நனைந்ததுதான் மிச்சம்.

அப்பா கேட்ட பிறகு வழியெல்லாம் யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். ஆற்றின காப்பி வந்தால் இந்தக் கல்யாணம் வேண்டாம். ஆறினால்தான் அண்ணாந்து ஊற்றிக்கொள்ள முடியும்; நம் எச்சில் படாமல் டம்ளரைத் திருப்பி வாங்கிக்கொள்ளத்தானே ஆற்றிக் கொடுப்பது.

ஸ்ரீநிவாசனின் அப்பா சந்தானகிருஷ்ணன் ரிட்டயர்டான ஹெட்மாஸ்டர். எழுந்து நின்றே வரவேற்றார். நிலம் வரும் போகும், மனுஷாள்தான் முக்கியம் என்றார். என் பாடம், ஹாஸ்டல் சாப்பாடு, பஸ் நெரிசல் எல்லாவற்றையும் அக்கறையாக விசாரித்தார். வார்ம்தான், சந்தேகமே இல்லை.

பிறகு உள்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். "பர்வதம், காப்பியை நன்னா ஆத்திக் கொண்டா. குழந்தைக்கு வாய் சுட்டுடப் போறது."

எழுந்து போக வசதியாக நான் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டேன். ஸ்ரீநிவாசனோ, பார்த்தாயா எங்கப்பாவை என்கிற மாதிரி பெருமையாக என்னைப் பார்த்தான். இந்த மண்டுவை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

பர்வதம் மாமி வந்தார். வா என்று சொல்லவில்லை, சிரிக்கவும் இல்லை. டவரா டம்ளரை என் முன்னால் வைத்துவிட்டு அங்கேயே நின்றார்.

ஆவி பறந்தது.

டம்ளரைத் தொட முடியவில்லை. முந்தானையைச் சுற்றித்தான் பிடித்தேன். ஆனாலும் பழகினது விடுமா? அண்ணாந்தேன்.

"வேண்டாம். வாய் வச்சுக் குடி," என்றார் மாமி.

ஹெட்மாஸ்டரின் பேச்சு பாதியில் நின்றது. நான் உதட்டை வைத்து உறிஞ்சினேன். சுட்டது. நிறுத்த மனசில்லாமல் கடைசிச் சொட்டு வரை குடித்தேன். அப்பாவிடம் சொல்லப் பதில் கிடைத்துவிட்டது. கல்யாணமும் என் மனசில் அப்போதே நிச்சயமாகிவிட்டது.

டம்ளரைக் கழுவி வைக்க எழுந்தேன். மாமி கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

பஸ் ஸ்டாப் வரை ஸ்ரீநிவாசன் குனிந்த தலை நிமிராமல் வந்தான். பஸ் தூரத்தில் தெரிந்தபோது கேட்டான்.

"அம்மா உங்கிட்ட ரொம்ப கோல்டா இருந்துட்டா, இல்ல?"

சொல்ல நிறைய இருந்தது. நாக்கு வெந்துபோயிருந்தது.