எதிர்த்தறிக்காரன்

விசைத்தறிக் கூடத்தில் எல்லாத் தறிகளும் நிற்கின்றன. கூரைக் கண்ணாடி வழியே இறங்கும் வெயிலில் பஞ்சுத்தூசி மட்டும் அலைகிறது. போன வாரம் செத்துப்போன நெட்டையனுக்கு இரங்கல் கூட்டம். அவனுக்கு எதிர்த்தறியில் நின்று நெய்தவன் என்பதால் இவன்தான் பேச வேண்டுமாம். மைக்கை வாங்கி ஊதிப் பார்க்கிறான். இரைச்சலுக்குள் கத்தியும் உதட்டைப் பார்த்தும் பேசியே காலம் தள்ளியவனுக்கு, தன் மூச்சே கேட்கும் இந்த அமைதி கிலியூட்டுகிறது. “வேணாம் தங்கச்சி, எனக்கு வரல,” என்கிறான் முன்னால் உட்கார்ந்திருக்கும் நெட்டையன் மனைவியிடம். அவளும் இங்கே நூல் சுற்றுகிறவள்தான். எழுந்துபோய், பாதி நெய்த துணியோடு நிற்கும் புருஷன் தறியை ஓடவிடுகிறாள். “சத்தம் இருந்தாத்தான் உங்களுக்கு வாயே தொறக்கும்னு அவரு கிண்டல் பண்ணுவாரு. இப்பப் பேசுங்கண்ணே.” தறி அலறுகிறது. மைக்கைக் கீழே வைத்துவிட்டு, ஆளில்லாத அந்த இடத்தைப் பார்த்துக் கத்தத் தொடங்குகிறான். திட்டுகிறான், சிரிக்கிறான், சொல்லாமல் போனதற்குச் சண்டை பிடிக்கிறான். சட்டென்று நூல் அறுந்து தறி தானாகவே நின்றுவிடுகிறது. அவன் குரல் நிற்கவில்லை. “டேய் நெட்டை, கேக்குதாடா?” அந்த அமைதியில் குரல் கூரைவரை போய்த் திரும்புகிறது. பதில் சொல்லும் உதடுகள் வழக்கமாக இருக்கும் உயரத்தை அவன் அண்ணாந்து பார்க்கிறான். கூட்டமும் அங்கேயே பார்க்கிறது.