ஒம்பது வரை

மேலகரத்து வாடகை வீட்டுச் சமையலறை. வெளியே சாரல். ஜெபசிங் சுவரில் வீசியடித்த பால் டம்ளர் இன்னும் தரையில் உருண்டுகொண்டிருக்கிறது. தம்பியின் கையில் பல் பதியக் கடித்துவிட்ட ஆறு வயது மகள் ஜெனிஷா ஃப்ரிட்ஜோடு ஒட்டி நிற்கிறாள். அவள் தலைக்கு மேல், பெற்றோர் வகுப்பில் கொடுத்த தாள்: ‘கோபம் வந்தால் பத்து வரை எண்ணுங்கள்.’ ஒரு வாரமாக எண்ணி முடித்துத்தான் அடிக்கிறான். “ஒண்ணு... ரெண்டு...” பெல்ட்டைக் கையில் சுற்றுகிறான். ஐந்தில் அவள் கண்ணை மூடுகிறாள். ஏழில் கவுன் நனைந்து மூத்திரம் பாலோடு கலக்கிறது. “அடிக்கதுக்கா எண்ணச் சொன்னாவ?” மனைவி ஷெர்லின் அவன் கையைப் பிடித்துத் தொங்குகிறாள். முழங்கையால் ஒரே இடி. அடுப்பு மேடையில் போய் விழுகிறாள், உதட்டில் ரத்தம். “ஏட்டி, எண்ணிக்கிட்டுதான இருக்கேன்! எட்டு... ஒம்பது...” அதோடு அவன் குரல் நின்றுவிடுகிறது. ஈரத் தரையைப் பார்க்கிறான். பெல்ட் கையிலிருந்து மெல்ல அவிழ்ந்து தொங்குகிறது. ஜெனிஷா கண்ணைத் திறக்காமலே காத்திருக்கிறாள். அடி வரவில்லை. அவளால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. திரும்பி முதுகைக் காட்டிக்கொண்டு அவளே கத்துகிறாள்: “பத்து!”