வட்டி குறையட்டும்

"வட்டி குறையட்டும் தெரேசா அம்மா. பிறகு கலியாணத்துக்கு நாள் பாப்பம்."

தம்பிராசா மாஸ்டர் இதைச் சொல்லிச் சொல்லித் தெரேசாவுக்குக் காது புளித்துவிட்டது.

மாஸ்டர் யாழ்ப்பாணத்து ஆள். கொட்டகலைப் பள்ளிக்கூடமொன்றில் உயர்தர வகுப்புக்குப் பொருளியல் படிப்பிக்கிறார். அவர் மகள் ரோகினியும், றொசல்லைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிற தெரேசாவின் மகன் அன்டனும் ஒருவரையொருவர் விரும்பினார்கள். மதம் தடையில்லை என்றார் மாஸ்டர். ஊரும் தடையில்லை என்றார். வட்டிதான் தடையாம்!

"தோட்டத்திலை குடுத்த காணியிலை வீடு கட்ட அன்டன் தம்பி வங்கியிலை கடன் எடுக்கவேணும். இப்ப எடுத்தால் வட்டி கழுத்தை நெரிக்கும். மத்திய வங்கி இன்னும் குறைக்கும், பொறுங்கோ."

நியாயமான பேச்சுத்தான் என்று தெரேசாவும் முதலில் நம்பினாள். கை பாட்டுக்குக் கொழுந்து பறிக்க, பக்கத்து நிரைப் பெண்களுக்கு மத்திய வங்கியைப் பற்றி விளக்கமெல்லாம் கொடுத்தாள். அது வினையாகப் போயிற்று. காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்குப் போனால், "தெரேசாக்கா, வட்டி என்னாச்சு?" என்று கேட்காத ஆள் இல்லை.

அந்தோனியாருக்கு மெழுகுதிரி ஏற்றி, "சாமி, எனக்கு வேற ஒன்னும் வேணாம், இந்த வட்டிய மட்டும் கொறச்சிக் குடுங்க" என்று கேட்ட தாய் இந்த மலையிலேயே அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

அந்தோனியார் கைவிடவில்லை. வட்டி குறைந்தது.

தெரேசா நல்ல சேலையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு, றொசல்லையில் ரயிலேறிக் கொட்டகலையில் போய் இறங்கினாள்.

"குறைஞ்சதுதான் அம்மா. ஆனா அமெரிக்காக்காரன் என்ன செய்வானெண்டு தெரியேல்லை. எண்ணெய் விலையையும் பாக்கவேணும். உலகப் பொருளாதாரம் இப்ப ஒரு நிலையிலை இல்லை."

தேத்தண்ணி கொண்டுவந்த ரோகினி தலையைக் குனிந்து சிரிப்பை அடக்கினாள். தெரேசாவுக்குக் கோபம் உச்சிக்கு ஏறிவிட்டது. இதென்ன கூத்து! கல்யாணப் பொண்ணுக்குச் சிரிப்பு வேறயா?

அடுத்த தடவையும் வட்டி குறைந்தது. "தேயிலை ஏலம் எப்பிடிப் போகுதெண்டு பாத்திட்டுச் சொல்லுறன்" என்றார் மாஸ்டர்.

தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்துக்கு வந்து தெரேசா பொரிந்து தள்ளினாள்.

"லயத்து ஆளுங்கன்னா அவருக்கு எளக்காரம்டா! முடியாதுன்னு மூஞ்சிக்கு நேரா சொல்ல வாய் வரல. அதான் அமெரிக்காவ இழுக்குறாரு. ஒன் கல்யாணத்துக்கும் அமெரிக்காவுக்கும் என்னாடா சம்மந்தம்?"

"விடுங்கம்மா" என்றான் அன்டன். ஹட்டனில் மருந்துக்கடையில் வேலை பார்க்கிற பிள்ளை, அதிர்ந்து பேசத் தெரியாது.

பேராதனைக் கெம்பஸிலிருந்து லீவுக்கு வந்திருந்த மகள் ஷிராணி புத்தகத்தை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டாள். அவள் மாஸ்டரிடம் படித்தவள்.

"நீ எப்புடிப் பேசுவ? ஒங்க மாஸ்டரத்தான் விட்டுக்குடுக்க மாட்டியே!" என்று அவளுக்கும் சேர்த்துத் திட்டு விழுந்தது.

மாதங்கள் ஓடின. ஷிராணி படிப்பை முடித்தாள். நோர்வூட் பக்கத்துப் பள்ளிக்கூடமொன்றில் டீச்சர் வேலையும் கிடைத்தது. தெரேசா லயம் முழுக்கக் கற்கண்டு கொடுத்துக் கொண்டாடினாள்.

அந்தக் கிழமையே மத்திய வங்கியும் கூடியது. தெரேசா டீவி முன்னால் குந்திக்கொண்டாள்.

வட்டியில் மாற்றமில்லை என்று செய்தி வந்தது.

"போச்சு! இனி அந்த மனுசன் வாயில கல்யாணம்கிற பேச்சே வராது."

அன்று பின்னேரமே லயத்து வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. மாஸ்டர் இறங்கினார். பின்னால் அவர் மனைவி, ரோகினி. கையில் வாழைப்பழச் சீப்பும் கேக் பெட்டியும்.

"தெரேசா அம்மா, வாற மாசமே கலியாணத்தை வைப்பம். என்ன சொல்லுறியள்?"

தெரேசா இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டாள்.

"என்னாங்க மாஸ்டர், வெளையாடுறீங்களா? கொறஞ்சப்பெல்லாம் பொறுங்க பொறுங்கன்னீங்க. இன்னைக்குக் கொறைக்கவே இல்லியே! அமெரிக்கா என்னாச்சு? எண்ணெய் என்னாச்சு?"

"அமெரிக்கா கிடக்கட்டும் அம்மா" என்றார் மாஸ்டர். முகத்தில் அசடு வழிந்தது.

உள்ளேயிருந்து ஷிராணி வந்தாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று சொல்ல முடியவில்லை.

"அம்மா, அண்ணன் சம்பளத்துலதானே என்னையப் படிக்க வச்சிச்சு. கல்யாணமும் வீட்டுக் கடனும் சேந்தா அதுக்குத் தாங்காது. நான் கெம்பஸ நிப்பாட்டிட்டு ஹட்டன்ல கடை வேலைக்குப் போறேன்னு மாஸ்டர்கிட்ட சொன்னேன். ஒங்ககிட்ட சொன்னா 'சரி, நின்னுக்க'ன்னுருவீங்க. அண்ணன்கிட்ட சொன்னா 'எனக்குக் கல்யாணமே வேணாம்'னுரும். ரோகினிக்கு மட்டுந்தான் தெரியும்."

தெரேசாவின் கை இடுப்பிலிருந்து தானாக இறங்கியது.

"அதுக்கு மாஸ்டர் என்னா சொன்னாரு?"

ஷிராணி கண்ணைத் துடைத்துக்கொண்டு, மாஸ்டர் மாதிரியே குரலை மாற்றிச் சொன்னாள்.

"'நீ போய்ப் படி பிள்ளை. நீ முடிக்குமட்டும் வட்டி குறையாமல் நான் பாத்துக்கொள்ளுறன்'னாரும்மா!"