மருந்து படாத சட்டை

விவசாய இலாகா அலுவலகப் படியை மிதித்ததுமே சகாயநாதனுக்குத் தும்மல் வந்துவிட்டது.

போன பத்துத் தடவையும் இப்படித்தான். கவர்மென்ட்டே தனக்கு ஒத்துக்கொள்ளாது என்று வீட்டில் சொல்லிவைத்திருந்தார்.

அவர் கேட்டது ஒரே ஒரு காகிதம். முத்தியால்பேட்டையில் பன்னிரண்டு தையல் மெஷின் போட்டிருந்தவருக்கு, அந்த எண்பத்தேழாம் வருஷம் ஜெர்மனியிலிருந்து ஓர் ஆர்டர் வந்தது. இரண்டாயிரம் குழந்தைச் சட்டை. பருத்திச் செடியிலும் சரி, துணியிலும் சரி, பூச்சிமருந்து பட்டிருக்கக் கூடாது. அதற்கு அரசாங்கச் சான்றிதழ் வேண்டும். கூடவே, அரசாங்கமே முத்திரை வைத்த மாதிரிச் சட்டை ஒன்று.

சட்டையை அங்கே சோதித்துப் பார்ப்பார்களாம். தேறினால் ஆர்டர். தேறாவிட்டால் மெஷின்களைப் போர்த்திவிட்டு, மணியம்மாள் முதல் பன்னிரண்டு பெண்களையும் வீட்டுக்கு அனுப்ப வேண்டியதுதான்.

பருத்தியில் குற்றம் சொல்ல முடியாது. அம்மாவாசை என்கிற மானாவாரி விவசாயி மருந்து வாங்க வக்கில்லாமல் வளர்த்தது. இல்லாமைக்கு ஐரோப்பாவில் இப்படியொரு மரியாதை இருப்பது அவருக்கே தெரியாது.

பிரெஞ்சுக்காரன் காலத்து வழக்கம் விடாமல் எல்லாரையும் 'முசியே' என்று கூப்பிடும் குமாஸ்தா தெய்வசிகாமணிதான் முதல் நாளே மடக்கினார்.

"மருந்து அடிச்சேன்னு எழுதிக் குடுங்க முசியே, இப்பவே சீல் வெச்சுடறேன். அடிக்கலைன்னா அத எந்த ரெஜிஸ்டர்ல ஏத்தறது?"

நியாயமான கேள்வி. அதற்குப் பதில் வர ஒரு மாதம் ஆனது.

பிறகு, வயல் எல்லையிலிருக்கும் கோரிமேட்டைத் தாண்டித் தமிழ்நாட்டில் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். செடி ஒரு சர்க்கார், சட்டை ஒரு சர்க்கார். அதில் இரண்டு மாதம் போனது. முதல் நாளே கொடுத்த மாதிரிச் சட்டை மட்டும் நூலால் ஃபைலோடு சேர்த்துக் கட்டப்பட்டு, மர பீரோவுக்குள் பத்திரமாக இருந்தது.

நாளைக்குள் தபாலில் சேர்க்காவிட்டால் ஆர்டர் இல்லை என்று தந்தி வந்திருந்தது. இன்றைக்கும் கையை விரித்தால் அங்கேயே படுத்துவிடுவது என்று முடிவுகட்டி வந்திருந்தார் சகாயநாதன்.

தெய்வசிகாமணி சிரித்தார். மூன்று மாதத்தில் முதல் சிரிப்பு.

சான்றிதழ் தயார். 'எவ்விதப் பூச்சிமருந்தும் படவில்லை.' கீழே பச்சை மையில் கையெழுத்து.

பீரோவைத் திறந்து ஃபைலை எடுத்து, மேசை விளிம்பில் இரண்டு தட்டு தட்டினார். வெள்ளையாகத் தூசி பறந்தது. சட்டையை அவிழ்த்து உறைக்குள் வைத்து, அரக்கை உருக்கி ஊற்றி, சான்றிதழில் இருந்த அதே எண்ணைப் பதித்தார். இனி ஜெர்மன்காரன்தான் உடைக்கலாம்.

சகாயநாதனுக்குக் கண் கலங்கியது. ஏதாவது நல்லதாகச் சொல்ல வேண்டும் போலிருந்தது.

"மூணு மாசம் மர பீரோவுல கெடந்தும் ஒரு பூச்சி தொடலையே சார்!"

குமாஸ்தாவுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"பூச்சியா? நம்ம ஆபீஸ்லயா? பியூன் கொளஞ்சி வாரா வாரம் ஒரு ஃபைல் கட்டு விடாம டி.டி.டி. பவுடர் தூவிடுவான், முசியே."

அரக்கு காய்வதற்குள் சகாயநாதனுக்கு அடுத்த தும்மல் வந்தது.