மூலையில் ஒரு பெயர்

ஜீப்பின் ஹாரன் அலறியதும் சாரம் பேட்டையின் அந்தச் சந்து முழுக்கத் தலைகள் முளைத்தன. காக்கிச் சட்டை டிரைவர் குதித்து இறங்கி, "இராமதாஸ் வீடு எது?" என்று அதட்டினான்.

"போச்சுடா! பிரான்சுல எதையோ சுருட்டிக்கினு வந்துட்டான்னு நான் அப்பவே சொன்னேன்" என்றார் எதிர்வீட்டுத் தெய்வநாயகம். வாசலுக்கு வந்த இராமதாஸிடம், "இன்னா முசே, போலீசா?" என்று பிரெஞ்சு மரியாதையில் நக்கலடித்தார்.

இராமதாஸ் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஜீப்பிலிருந்து இறங்கிய பெரியவர் கையில், மூன்று மாதத்துக்கு முன் அவன் எழுதிப் போட்ட விண்ணப்பம் இருந்தது. பெங்களூரில் விமானம் கட்டுகிற இடத்து அதிகாரி, பெயர் சுப்பிரமணியன்.

"பிரெஞ்சுக் கடற்படைக்கு ஜெட் சண்டை விமானம் வரைஞ்சேன்னு எழுதியிருக்கீங்க. சர்ட்டிபிகேட் ஒண்ணும் வைக்கலையே?"

"ரெண்டு பிளேன் கட்டுனாங்க சார். கப்பல் மேல ஒரு வாட்டிகூட எறங்கல, அதுக்குள்ள வேணாம்னு ரத்து பண்ணிட்டாங்க. எங்க ஆபீசையே கலைச்சாச்சு. சர்ட்டிபிகேட் குடுக்க ஆளு ஏது?"

நாலு வருஷ உழைப்பு அது. ஊர் திரும்பி மில்லில் நூல் மூட்டை தூக்கும்போது அதைச் சொல்லப் போக, "ஜெட்டு, இந்த மூட்டையக் கொஞ்சம் பறக்க வுடு!" என்று சிரித்தார்கள். பிரெஞ்சுக் கொடி இறங்கி ஒன்றரை வருஷமாகியும் அந்தப் பெயர் இறங்கவில்லை.

"டிராப்ட்ஸ்மேன் வேலை ஒண்ணுதான் காலி. பன்னெண்டு பேர் காத்திட்டிருக்காங்க" என்றார் அதிகாரி. "நான் எதை நம்பி உங்களை எடுக்கறது?"

"நான் வரைஞ்ச ஒரிஜினலே இருக்கு சார். குப்பைக்குப் போவ இருந்தத எங்க ஆபீஸ் பெரியவரு எங்கையில குடுத்து அனுப்புனாரு. மூலையில எம்பேரு, ஆபீஸ் முத்திரை, தேதி, எல்லாம் இருக்கும்."

"முழு விமானமா?"

"இல்ல சார். கப்பல்ல எடம் பத்தாதுன்னு ரெக்கைய மேல மடிப்பாங்க. அந்தக் கீலு மட்டும். தெரியாதவங்க பாத்தா வெறும் கோடுதான்."

"பேப்பர்லயா, துணியிலயா?"

"துணி சார். மையில வரையறதுக்குன்னே கஞ்சி போட்டு வழவழன்னு இருக்குமே, அது. ஏழு ஷீட்டு."

காபி கொண்டு வந்த மனைவி சந்திரகலாவின் கையிலிருந்து டம்ளர் நழுவி, அதிகாரியின் காலடியில் உருண்டது.

"பாத்து, பாத்து" என்றான் இராமதாஸ் மெதுவாக. ஐப்பசியில் நாலே நாள் காய்ச்சலில் பெண் குழந்தை போனதிலிருந்து அவள் கையில் எதுவும் நிற்பதில்லை. அவனும் அதட்டுவதில்லை.

உள்ளே போய் டிரங்குப் பெட்டியைத் திறந்தான். கல்யாணப் புடவை, கம்பளிக் கோட்டு, அடியில் தகரக் குழாய். மூடியைத் திருகி விரலை விட்டான். குழாய் காலியாக இருந்தது.

தலைகீழாகத் தட்டினான். பெட்டியையே கவிழ்த்துக் கொட்டினான்.

அதிகாரி அறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "சரி, விடுப்பா. வேலை கிடைக்கணும்னா நாலு கதை சொல்லத்தான் செய்வே" என்றார். அதுவரை அவனை 'நீங்க' என்றவர்.

ஜீப் போய்விட்டது. "புடிச்சுக்கினு போவலியா?" என்று தெய்வநாயகம் ஏமாற்றத்தோடு கேட்ட குரல் சுவரைத் தாண்டி வந்தது.

இராமதாஸ் கதவைச் சாத்தினான். "யாருக்குடி தூக்கிக் குடுத்த? பழைய துணிக்காரனுக்கா?" கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாகக் கையை ஓங்கினான்.

சந்திரகலா விலகவில்லை. "குழாய்க்குள்ள பிளேன் படம் இருக்குதுன்னுதான சொன்னீங்க? தொறந்தா பிளேனே இல்ல, வெறும் துணிதான் இருந்துச்சு. தீவாளிக்குப் புள்ளைக்குப் புதுசு இல்லியேன்னு சுடுதண்ணியில ஊறப்போட்டேன். கோடெல்லாம் கரைஞ்சு பால் மாதிரி வெளுத்துடுச்சு. கவுனு தெச்சேன்."

"எங்கடி அது?"

"பாப்பாவுக்குக் கடைசியா அதத்தான் போட்டுவுட்டேன்... நீங்கதான தூக்கிக்கினு போயி பொதைச்சீங்க."