செவ்வாய்க் கிரகத்து அட்சதை

"செவ்வா கெரகத்துல ஏதும்மா அட்சதை? அங்க நெல்லே வெளையாதே!" என்றார் சாமுவேல் வாத்தியார்.

"நம்ம ஊர்ல கல்யாண சீன் வந்தா ஊர்ப் பெரியவரு மேடையேறி அட்சதை போட்டாவணும் சார். இல்லேன்னா ஜனம் பேஜார் பண்ணும்." நாடகத்தில் மணப்பெண் வேஷம் கட்டும் அம்முலு விடாப்பிடியாக நின்றாள்.

"சரி, பூமியிலேர்ந்து மூட்ட கட்டிக்கினு வந்ததா வெச்சிக்கலாம்."

சாமி கிழவன் வேஷத்தில் வந்து பெண்ணை மயக்கும் பழைய நாடகத்தைத்தான் வாத்தியார் அறிவொளி இயக்கத்துக்காக மாற்றி எழுதியிருந்தார். தினைப்புனம் செவ்வாய்க் கிரகமானது. கிழவேஷத்துக்குப் பதில் ஜிகினாத்தாள் ஒட்டிய ஹெல்மெட். மாட்டிக்கொண்டால் பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது. அம்முலுவுக்கு வேண்டியதும் அதுதான்.

ஊர்ப் பெரியவர் வேறு யாருமல்ல, அவளுடைய அப்பா வேதாசலம். "நம்ம கயனில நாத்து நட்றவன் புள்ள எனக்கு மருமவனா? என் கையால அட்சதை வியாது" என்று, பெண் கேட்டு வந்த தினகரனை வாசலோடு திருப்பி அனுப்பியவர். போன வாரம் உத்திரமேரூர் பதிவு அலுவலகத்தில் அவளும் தினகரனும் ரகசியமாகக் கையெழுத்துப் போட்டாயிற்று. இருந்தும், அப்பா வாழ்த்தாத கல்யாணம் அவளுக்குக் கல்யாணமாகவே படவில்லை.

நாடகத்தன்று காலை, நாஷ்டா சாப்பிட்டுக்கொண்டே அப்பா கேட்டார். "மாப்ள வேசம் யாரும்மா?"

"வாலாஜாபாத்துப் பையன் நைனா."

"நல்லா நடிப்பானா?"

"நடிப்பெல்லாம் வராது. ஆனா நல்லவன்."

வேதாசலம் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கை கழுவப் போய்விட்டார்.

சாயங்காலம் பள்ளிக்கூட மைதானத்தில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். மிதந்து மிதந்து நடந்த மாப்பிள்ளையைப் பார்த்து ஜனம் வயிறு வலிக்கச் சிரித்தது. கல்யாணக் காட்சி வந்ததும் வேதாசலம் தட்டோடு மேடையேறினார்.

முதல் பிடி மகள் தலையில் விழுந்தது. அம்முலுவுக்குக் கண் நிறைந்துவிட்டது. பெற்றவரை ஏமாற்றி வாங்குகிறோமே என்று நெஞ்சு உறுத்தவும் செய்தது.

இரண்டாவது பிடியை அள்ளியவர், ஓங்கிய கையோடு அப்படியே நின்றுவிட்டார்.

"போடு நைனா..." என்றாள் அவள்.

வேதாசலம் மைக்கைத் தன் பக்கம் இழுத்தார்.

"ஹெல்மெட்ட கயட்டு தினகரா. அட்சதை தலைல வியணும்."