பூனை வந்த பிறகு எலிகளின் எடை

நெல் கிடங்கில் ஒரு பூனை குடிவந்தது. தன்னால் எலிகளுக்கு நன்மையே என்று ஊருக்குக் காட்ட, பொருளாதாரம் படித்த பெருச்சாளி ஒன்றை அமர்த்தியது.

பெருச்சாளி அன்றே எலிகளையெல்லாம் எடை போட்டது. அறுவடை முடிந்ததும் மறுபடி போட்டது. சராசரி எடை கூடியிருந்தது. "பூனையால் எலிகள் செழிக்கின்றன" என்று கட்டுரை எழுதியது. "இந்த ஆய்வுக்கு யாரிடமும் எதுவும் வாங்கவில்லை" என்று அடியில் சேர்த்துவிட்டு, பூனை கொடுத்த கருவாட்டைக் கடித்தது. கட்டுரையைச் சரிபார்க்க வந்த ஓணான், படிப்பதற்கு முன்பே தலையாட்டியது.

கட்டுரையை வாசித்த கூட்டத்தில் ஒரு தாய் எலி எழுந்தது.

"ஐயா, முதல் தடவை என் பிள்ளைங்களையும் எடை போட்டீங்களே. அவங்க கணக்குல இல்லையே?"

"ரெண்டாவது தடவை அவங்க வரலையேம்மா. வராதவங்களைச் சேர்த்தா ஆய்வு கெட்டுடும்."

"எப்படி வருவாங்க? பூனை தின்னுடுச்சே!"

"என் ஆய்வு எடையைப் பத்தி மட்டும்தான். சந்தேகம்னா நீயே தராசுல ஏறிப் பாரு."

தாய் எலி ஏறியது. தட்டு இறங்கியது.

"பாத்தியா, நீயும் பெருத்திருக்கே."

"பிள்ளைங்க பங்கையும் இப்ப நான்தானே தின்னுறேன்" என்று தாய் எலி அழுதது.

பெருச்சாளி ஆவலாகப் பேனாவை எடுத்தது. "நல்லவேளை சொன்னே. பூனை வந்த பிறகு தலைக்குக் கிடைக்கிற நெல்லும் கூடியிருக்குன்னு சேர்த்துடறேன்."

ஓணான் அதற்கும் தலையாட்டியது.